அந்திகோனே: ஒரு பெயரும் ஓர் அடக்கமும்

திருவிவிலியத்தைக் கற்போர் பெயர்களை எளிதில் கடந்து செல்ல இயலாது. ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், யாக்கோபு இஸ்ரயேல் எனப்பெற்றதும், சீமோன் பேதுருவாக அழைக்கப்பட்டதும் மீட்பு வரலாற்றின் திருப்புமுனைகள். எபிரேய மக்கள் பெயரில் ஒருவரின் அழைத்தலைக் கண்டனர். அவர்களைப் போன்றே பண்டைக் கிரேக்கரும் பெயரில் பொருள் தேடியவர்கள். அவர்களுடைய நாடகக் கவிஞர்கள் தம் மாந்தரின் பெயர்களை உடைத்து, அவற்றினுள் அம்மாந்தரின் ஊழ் ஒளிந்திருப்பதைக் காட்டுவதில் வல்லவர்கள்.

அவ்வாறு பொருள் செறிந்த பெயர்களுள் ஒன்று அந்திகோனே. கிறித்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்னரே ஏதென்சு நகர மேடையில் ஒலித்த பெயர் இது. இறந்த தமையனை அடக்கம் செய்தமைக்காக உயிர்விட்ட ஓர் இளம்பெண்ணின் பெயர். அவள் புறச்சமயத்தாள், திருச்சட்டத்தையோ நற்செய்தியையோ அறியாதவள். ஆயினும் அவள் செய்த செயலைத் திருச்சபை தன் இரக்கச் செயல்களுள் ஒன்றாக இன்றும் கற்பித்து வருகிறது. ஆகவே அப்பெயரைச் சற்றே நின்று நோக்குவது நமக்குப் பயன் தரும்.

பெயரின் இரு பகுதிகள்

'அந்தி', 'கோனே' என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு இப்பெயர். இரண்டாம் சொல்லை முதலில் காண்போம். 'கோனே' என்பது பிறப்பு, வித்து, கால்வழி, மகப்பேறு எனப் பல பொருள் தரும். நம் விவிலியத்தின் முதல் நூலுக்குக் கிரேக்கர் இட்ட 'கெனெசிஸ்' என்னும் பெயரும், யோவான் நற்செய்தியில் ஒரே மகனைக் குறிக்கும் 'மொனொகெனேஸ்' என்னும் சொல்லும் இதே வேரின் கிளைகளே. பெற்றோரைக் குறிக்கும் 'கோனைஸ்' என்பதும் இதன் உறவுச் சொல்லே.

'அந்தி' என்னும் முன்னொட்டோ இருமுகம் கொண்டது. 'எதிராக' என்பது ஒரு பொருள். 'பதிலாக', 'ஈடாக' என்பது மற்றொரு பொருள். முதற்பொருளை நாம் நன்கு அறிவோம். யோவானின் முதல் திருமுகம் கூறும் எதிர்க்கிறித்துவின் பெயர் 'அந்திகிறிஸ்தோஸ்'. இரண்டாம் பொருளே புதிய ஏற்பாட்டில் பெரிதும் வருவது. ஏரோதுக்குப் பதிலாக அவன் மகன் அர்க்கெலா யூதேயாவில் அரசாண்டான் என்று மத்தேயு எழுதும் இடத்தில் 'அந்தி' நிற்கிறது. ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டுக்கிடாயைப் பலியிட்ட நிகழ்வைத் தொடக்க நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லாலேயே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மானிட மகன் பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்று மாற்கும் மத்தேயுவும் எழுதும்போது, அந்த 'ஈடாக' என்னும் சொல் 'அந்தி'யே.

எனவே அந்திகோனே என்னும் பெயருக்கு அறிஞர் இருவகையாகப் பொருள் உரைப்பர். 'கால்வழிக்கு எதிரானவள்' என்பது ஒன்று. 'பெற்றோருக்குப் பதிலாக நிற்பவள்' என்பது மற்றொன்று. இதன் ஆண்பால் வடிவமாகிய அந்திகோனஸ் என்பது மாசிதோனிய அரச குலத்தின் பெயராயிற்று. அது யூத மண்ணிலும் வேரூன்றியது. பயன் கருதாது இறைவனுக்கு ஊழியம் செய்யவேண்டும் எனக் கற்பித்த யூத ஞானி ஒருவர் சோக்கோ ஊரினரான அந்திகோனஸ். கி.மு. 37-இல் உரோமையரால் கொல்லப்பட்ட மக்கபே வழிவந்த இறுதி அரசனும் அந்திகோனஸ் என்னும் பெயரினனே. ஆணுக்கு இப்பெயரை இட்ட பெற்றோர் முன்னோரின் இடத்தை நிரப்பும் மகனை வேண்டியிருப்பர். பெண்ணாகிய அந்திகோனேயின் வாழ்விலோ இரு பொருளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன.

தீபை நகரின் துயரக் கதை

ஓமரின் காப்பியம் ஈடிப்பசின் கதையைச் சுருங்கச் சொல்கிறது. ஆனால் அவன் மகள் அந்திகோனேயை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. அவளுக்கு உலகப் புகழ் தந்தவர் சொபோக்கிளீஸ். நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிய அவருடைய படைப்புகளில் முழுமையாக நமக்குக் கிடைத்தவை ஏழு மட்டுமே. அவற்றுள் ஒன்றான 'அந்திகோனே' ஏறத்தாழ கி.மு. 441-இல் மேடையேறியது.

கதை நாம் ஓரளவு அறிந்ததே. தீபை நகர மன்னன் ஈடிப்பஸ் தான் அறியாமலே தந்தையைக் கொன்று, தாயை மணந்தவன். உண்மை வெளிப்பட்டபோது தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொண்டவன். அவனுக்கு மகன்கள் இருவர், மகள்கள் இருவர். அரியணைக்காகப் பகைத்த மகன்கள் நகர வாயிலில் ஒருவரையொருவர் கொன்று மடிந்தனர். ஒருவன் பெயர் எத்தியோக்கிளேஸ். 'மெய்ப்புகழ் உடையோன்' என்பது அதன் பொருள். அயல்நாட்டுப் படையுடன் வந்து சொந்த நகரைத் தாக்கியவன் பொலிநைக்கேஸ். 'பல பூசல்களை உடையோன்' என்பது அதன் பொருள்.

அடுத்து அரசேற்றவன் அவர்களுடைய தாய்மாமன் கிரெயோன். 'ஆள்பவன்' என்பதே அப்பெயருக்குப் பொருள். அவன் முதல் ஆணை இது: நகரைக் காத்தவனுக்கு முழு மரியாதையுடன் அடக்கம், நகரைத் தாக்கியவன் உடலோ அழுவாரின்றி, புதைப்பாரின்றி, நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்கவேண்டும். மீறுவோர்க்குச் சாவு.

இந்த ஆணை கவிஞரின் வெறுங்கற்பனை என்று எண்ணவேண்டா. நாட்டுத் துரோகியை ஏதென்சு மண்ணில் அடக்கம் செய்யக்கூடாது என்ற விதி உண்மையாகவே இருந்தது. பாரசீகரை வென்ற தெமிஸ்தொக்கிளேஸ் பிற்காலத்தில் துரோகியெனப் பழிக்கப்பட்டு அயல்நாட்டில் இறந்தபோது, அவருடைய எலும்புகளை உறவினர் மறைவாகக் கொணர்ந்து தாய்மண்ணில் புதைத்ததாகக் கூறப்பட்ட செய்தியை வரலாற்றாசிரியர் துக்கிதீதஸ் குறித்து வைத்துள்ளார். ஆகவே நாடகத்தைக் கண்ட ஏதென்சு மக்கள் தங்கள் நகரின் சட்டத்தையே மேடையில் கண்டனர்.

அந்திகோனே ஆணையை மீறினாள். தங்கை இஸ்மேனே அஞ்சிப் பின்வாங்க, தனியளாகச் சென்று தமையன் உடல்மீது புழுதியைத் தூவினாள். காவலர் அப்புழுதியை அகற்றியபின் மீண்டும் வந்து, மண்ணிட்டு, வெண்கலக் குடத்திலிருந்து மும்முறை நீர்க்கடன் வார்த்தாள், பிடிபட்டாள். அவளைப் பாறைக் குகையொன்றில் உயிருடன் அடைக்குமாறு கிரெயோன் கட்டளையிட்டான். குருட்டு இறைவாக்கினன் தைரேசியாஸ் எச்சரித்தபின் மனம் கலங்கிய அவன், முதலில் பெண்ணை விடுவி, பின்னர் இறந்தவனை அடக்கம் செய் என்று முதியோர் கூறிய வரிசையை மாற்றினான். இறந்தவனை அடக்கிவிட்டுக் குகைக்கு வந்தபோது அவள் தூக்கிட்டு மாண்டிருந்தாள். அவளை மணக்கவிருந்த கிரெயோனின் மகன் ஐமோன் தன் வாளில் வீழ்ந்தான். மைந்தன் சாவைக் கேட்ட அரசி யூரிடிசேயும் உயிர்விட்டாள். பிணத்திற்கு மண் மறுத்தவன் வீட்டில் பிணங்கள் குவிந்தன.

பெற்றோருக்குப் பதிலாக நின்றவள்

இனிப் பெயரின் பொருளுக்கு வருவோம். அவள் 'கால்வழிக்கு எதிரானவள்' என்பது கண்கூடு. மணமாலை சூடாமல், மகவு ஈனாமல் அவள் மறைகிறாள். கல்லறையே தன் மணவறை என்று அவள் புலம்பும் இடம் கல்நெஞ்சையும் கரைக்கும். பழி சுமந்த அரச குலத்தின் கிளை அவளோடு பட்டுப்போகிறது.

ஆயினும் 'பெற்றோருக்குப் பதிலாக நிற்பவள்' என்ற பொருளும் அவளுக்கு அத்துணைப் பொருந்துகிறது. சொபோக்கிளீஸ் தம் முதுமையில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் கி.மு. 401-இல் அரங்கேறிய 'கொலோனஸ் ஊரில் ஈடிப்பஸ்' என்னும் நாடகத்தில், நாடு கடத்தப்பட்ட குருட்டுத் தந்தையின் கைபிடித்து வழிநடத்துபவள் அந்திகோனேயே. அங்கு மகள் தந்தைக்குத் தாயாகிறாள். 'அந்திகோனே' நாடகத்திலோ, தமையன் உடல் மீண்டும் திறந்து கிடப்பதைக் கண்டு அவள் எழுப்பிய ஓலத்தைக் காவலன் வருணிக்கும்போது, குஞ்சுகளை இழந்த வெறுங்கூட்டைக் கண்டு கதறும் தாய்ப்பறவைக்கு ஒப்பிடுகிறான். குழந்தை பெறாத கன்னியைக் கவிஞர் தாயாகக் காண்கிறார்! இறந்த மகனுக்குப் பெற்றோர் செய்யவேண்டிய கடனைப் பெற்றோர் இல்லாத நிலையில் அவர்களுக்குப் பதிலாக அவள் செய்கிறாள்.

மற்றொன்றையும் அவள் பெற்றோருக்குப் பதிலாகச் சுமக்கிறாள், அது குலப்பழி. தந்தையின் குற்றத்திற்கு மகள் விலை செலுத்துகிறாள் என்று நாடகத்தில் முதியோர் குழு கூறுகிறது. இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டும். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். அங்கே பெற்றோரைக் குறிக்கும் சொல் 'கோனைஸ்'. ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். பெற்றோரின் புளித்த திராட்சைக்காகப் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் முன்னரே கண்டித்திருந்தார். தீபை நகரின் இருளுக்கும் நற்செய்தியின் ஒளிக்கும் இடைப்பட்ட தொலைவு இதில் தெரிகிறது. குலப்பழி என்னும் விலங்கைக் கிரேக்க மேதையால் காண முடிந்தது. அதை உடைக்கும் கை அவருக்குத் தென்படவில்லை.

எழுதப்படாத சட்டம்

கிரெயோன் முன் நின்ற அந்திகோனே தன் செயலை மறைக்கவில்லை. மனிதர் ஆணைக்கு மேலாகத் தெய்வங்களின் எழுதப்படாத, என்றும் மாறாத சட்டங்கள் உள்ளன என்றும், ஒரு மனிதனின் அறிவிப்பு அவற்றை நீக்க வல்லதன்று என்றும் அவள் வாதிட்டாள். இப்பகுதியை அரிஸ்தாத்தல் தமது 'சொல்லாட்சிக் கலை' என்னும் நூலில் எடுத்தாண்டு, இயற்கையாகவே நேரிய ஒன்று உண்டு என்பதற்குச் சான்றாக்கினார். திருச்சட்டம் பெறாத பிற இனத்தார் உள்ளத்தில் சட்டம் எழுதப்பட்டிருப்பதாகப் பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். நேர்மையற்ற சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்று தூய அகுஸ்தினாரைத் துணைக்கொண்டு தூய தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். மனச்சான்று என்பது மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருத்தலம் என்னும் கருத்தை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்திற்று. தலைமைச் சங்கத்தின் முன் பேதுரு எடுத்த நிலையும், இங்கிலாந்து அரசன்முன் தூய தாமஸ் மோர் எடுத்த நிலையும் இவ்வழியில் வந்தவையே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. ஒவ்வொருவரும் 'என் மனச்சான்று' என்று கூறிக்கொண்டு சட்டத்தை மீறினால் நாடு நிலைக்குமா? கிரெயோன் முட்டாள் அல்லன். உள்நாட்டுப் போரில் சிதைந்த நகரை ஒன்றுபடுத்த விரும்பிய ஆட்சியாளன் அவன். நாடகத்தின் முதியோர் குழுவும் அந்திகோனேயை 'அவுத்தோனொமொஸ்', அதாவது தனக்குத் தானே சட்டமானவள் என்று அழைக்கிறது. அவளிடம் கடுமையும் உண்டு. அஞ்சிய தங்கை பின்னர் தானும் உடன் சாக முன்வந்தபோது, அவளை ஏற்காது விலக்குகிறாள்.

ஆனால் தான் தனக்கே சட்டம் என்று அந்திகோனே ஓரிடத்தும் கூறவில்லை. தனக்கு மேலான சட்டத்திற்குத் தான் கீழ்ப்படிந்ததாகவே கூறுகிறாள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1993-இல் வெளியிட்ட 'உண்மையின் பேரொளி' என்னும் சுற்றுமடலும் இந்த வேறுபாட்டையே தெளிவுபடுத்துகிறது. மனச்சான்று தன் விருப்பப்படி நன்மை தீமையைப் படைப்பதில்லை. இறைச்சட்டத்தைக் கேட்டுணர்ந்து அதில் பங்குபெறுகிறது. இதை அளந்தறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நான் மனச்சான்றின் பெயரால் மீறும்போது அதனால் பயன் பெறுபவர் யார்? அந்திகோனே அடைந்த பயன் ஒன்றுமில்லை. கைம்மாறு செய்ய இயலாத ஒரு பிணத்திற்காக அவள் தன் அரச வாழ்வையும் திருமணத்தையும் இழந்தாள். பகைமையில் பங்குகொள்ளவன்று, அன்பில் பங்குகொள்ளவே தான் பிறந்ததாக அவள் கூறும் விடை, அவள் பெயரிலுள்ள 'பிறப்பு' என்னும் சொல்லுக்கு அவளே எழுதிய உரை எனலாம்.

இரிஸ்பாவும் தோபித்தும்

அந்திகோனேக்கு விவிலியத்தில் ஒரு சகோதரி உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலின் 21-ஆம் அதிகாரம் அவளைக் காட்டுகிறது. அவள் பெயர் இரிஸ்பா. சவுல் அரசரின் மறுமனைவி. சவுல் செய்த கொலைக்குப் பழியாக அவருடைய வழித்தோன்றல் எழுவரைக் கிபயோனியர் மலைமேல் கொன்று தொங்கவிட்டனர். அவர்களுள் இருவர் இரிஸ்பாவின் மைந்தர். வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பாறைமீது சாக்குத்துணியை விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் அவள் விரட்டிக் காத்தாள். அவள் ஒரு சொல்லும் பேசியதாக விவிலியம் கூறவில்லை. 'இரிஸ்பா' என்ற எபிரேயச் சொல்லையே, எசாயாவின் உதடுகளைத் தொட்ட நெருப்புத் தழலைக் குறிக்கவும் அவ்விறைவாக்கினர் நூல் ஆள்கிறது. அத்தாய் அப்பாறைமேல் அணையாத தழலாகவே இருந்தாள்.

இரு கதைகளையும் பிரிப்பது அரசனின் செவி. கிரெயோன் காலம் கடந்து கேட்டான். தாவீது இரிஸ்பாவின் செயலைக் கேள்வியுற்று, இறந்தோரின் எலும்புகளைச் சேர்க்கச் செய்து, சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளையும் கொணர்ந்து குலக்கல்லறையில் அடக்கினார். அதன் பின்னரே நாட்டிற்காகச் செய்த மன்றாட்டைக் கடவுள் கேட்டருளினார் என்று நூல் முடிக்கிறது.

தோபித்தை நாம் நன்கு அறிவோம். செனகெரிபு மன்னன் கொன்றெறிந்த தம் இனத்தாரின் உடல்களை நினிவே நகரில் மறைவாகப் புதைத்தவர் அவர். அதற்காக உடைமைகளை இழந்து தப்பியோடினார். திரும்பியபின்னும் பெருவிழா உணவைத் தொடாமல் எழுந்து சென்று, சந்தைவெளியில் கிடந்த பிணத்தை எடுத்து அடக்கினார். அண்டை வீட்டார் நகைத்தனர். அச்செயலை இறைவன் நோக்கியிருந்ததை வானதூதர் இரபேல் பின்னர் வெளிப்படுத்தினார். மத்தேயு 25-இல் ஆண்டவர் கூறும் இரக்கச் செயல்கள் ஆறு. ஏழாவதாக இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை தோபித்து நூலின் ஒளியில் சேர்த்துக்கொண்டது.

கல்வாரியிலும் இதே செயலைக் காண்கிறோம். அரிமத்தியா யோசேப்பு துணிவுடன் பிலாத்திடம் சென்று, அரச குற்றவாளியாகக் கொல்லப்பட்டவரின் உடலைக் கேட்டார். நிக்கதேம் நறுமணப் பொருள்களைக் கொணர்ந்தார். மகதலா மரியாவும் மற்றப் பெண்களும் கல்லறையைக் கண்டு வைத்துக்கொண்டு, ஓய்வுநாள் கழிந்ததும் வந்தனர். அடக்கச் சடங்கை நிறைவு செய்ய வந்த அப்பெண்களே உயிர்ப்பின் முதற்சாட்சிகள் ஆயினர். அந்திகோனேயின் கதை அடைபட்ட குகையில் முடிகிறது. நற்செய்தியோ திறந்த கல்லறையில் தொடங்குகிறது.

அன்று முதல் கிறித்தவர் இப்பணியைத் தம் அடையாளமாகக் கொண்டனர். ஏழைகளையும் அயலாரையும் அடக்கம் செய்வதைப் பெருங்கடமையாக நான்காம் நூற்றாண்டின் இலக்தான்சியுஸ் போற்றினார். கிறித்தவத்தை வெறுத்த உரோமைப் பேரரசன் யூலியன்கூட, அயலாருக்கு அவர்கள் காட்டும் பரிவும் இறந்தோரின் கல்லறைகளுக்கு அவர்கள் காட்டும் கருத்துமே அச்சமயம் வளரக் காரணம் என்று தன் குருக்களுக்கு நினைவூட்டினான்.

நம் காலத்து அந்திகோனே

கடந்த நூற்றாண்டில் இப்பெயர் மீண்டும் உயிர்பெற்றது. செருமானியர் பாரிசு நகரைப் பிடித்து வைத்திருந்த 1944-இல் சான் அனூய் தம் 'அந்திகோனே'யை அங்கே மேடையேற்றினார். தென்னாப்பிரிக்காவின் இராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது, கிரெயோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா.

மேடைக்கு வெளியிலும் இக்கதை நடந்தது. ஆஸ்திரியாவில் புனித இராடெகுண்ட் என்ற சிற்றூரின் உழவர் பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர், இட்லரின் படையில் போரிட மனச்சான்று இடந்தராது என மறுத்தார். மூன்று பெண்மக்களின் தந்தை அவர். ஊராரும் திருச்சபைப் பெரியோர் சிலரும் அவருக்கு வேறு அறிவுரையே கூறினர். 1943 ஆகஸ்டு 9-இல் அவர் தலை வெட்டப்பட்டது. போர் முடிந்தபின், 1946-இல், அவருடைய சாம்பல் சொந்த ஊர்க் கோயில் அருகே அடக்கம் பெற்றது. 2007-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

இறுதியாக, நம்மை நோக்கிய ஒரு வினா. அந்திகோனே தன் கையாலேயே மாண்டவள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெளிந்த மனத்துடன் தற்கொலை செய்தோர் மனமாற்றத்தின் அறிகுறி எதுவும் காட்டாதிருந்தால் அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அடக்கத்திற்காக உயிர்விட்டவளுக்கே அவ்விதிப்படி அடக்கம் கிடைத்திராது! 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு தற்கொலை செய்தோரை அப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கவேண்டா எனக் கற்பித்து, அவர்களுக்காக மன்றாடுகிறது. தாவீதைப் போலத் தாய்த் திருச்சபையும் செவிசாய்த்தது. ஆனால் சட்டம் மாறியபின்னும் நம் மனங்கள் மாறினவா? தூக்கிட்டு இறந்த இளைஞனின் பெற்றோர், பூசை வைக்கலாமா என்று கேட்கவும் கூசி நிற்கும் நிலை நம் பங்குகளில் இன்றும் உண்டு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்கொரு பகுதி பிரிக்கும் கொடுமையும் நம்மிடையே முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மண்ணை மறுக்கும் கிரெயோன் அரண்மனையில் மட்டும் வாழ்பவன் அல்லன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தீபை நகருக்குச் சென்ற பௌசானியாஸ் என்னும் பயணி, 'அந்திகோனேயின் இழுவை' என்று அழைக்கப்பட்ட இடம் ஒன்றைக் கண்டார். தமையன் உடலைத் தூக்கும் வலிமையின்றி அவள் இழுத்துச் சென்ற வழி அது என்று ஊரார் கூறினராம். கிரெயோனின் ஆணையை எவரும் நினைவுகூராத காலத்திலும், வலுவற்ற அப்பெண் இழுத்த தடத்தை மண் நினைவில் வைத்திருந்தது. பிறருக்குப் பதிலாக நிற்பவரின் தடம் அத்தகையது. நமக்குப் பதிலாக நின்று சிலுவையை இழுத்துச் சென்றவரின் தடத்தில் நடப்போர் நாம். நம் வாயிலில் அடக்கம் வேண்டி ஓர் உடல் காத்திருக்கும்போது, அது யாருடையது என வினவாமல் ஒரு பிடி மண்ணேனும் எடுத்து இடும் அருளை வேண்டுவோம்.